இ-போர்ட்ஃபோலியோ எங்கிருந்து வந்தது, யாருக்காக வைக்கிறோம்?

கேள்வி: எங்கள் பி.எட். கல்லூரியில் வரும் கல்வியாண்டு முதல் எல்லா மாணவர்களும் இ-போர்ட்ஃபோலியோ வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது? மற்ற நாடுகளில் எப்படி வளர்ந்தது? கூகுள் டிரைவில் ஒரு ஃபோல்டர் போட்டு எல்லாவற்றையும் ஏற்றிவிட்டால் போதாதா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: போதாது. இ-போர்ட்ஃபோலியோ என்பது மாணவர் தன் வேலைகளில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து, ஏன் எடுத்தேன் என்ற குறிப்போடு கணினியில் வைக்கும் தொகுப்பு. ஃபோல்டர் ஏன் போதாது என்று புரிய வேண்டுமானால் சுமார் நாற்பது வருடக் கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அதில் கருவிகள் நாலைந்து முறை மாறியிருக்கின்றன. ஆனால் இந்தத் தொகுப்பு மாணவர் தன் படிப்பைத் தானே பார்த்துக்கொள்ளவா, நிறுவனம் தன் வேலையை மேலிடத்துக்கு நிரூபிக்கவா என்ற தகராறு மட்டும் ஆரம்பத்திலிருந்தே தீரவில்லை. உங்கள் கல்லூரியிலும் அதுதான் வரப்போகிறது.

ஓவியரும் கட்டடக் கலைஞரும் தங்கள் வேலைகளில் நல்லதைப் பொறுக்கிப் பெரிய உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போவது பழைய பழக்கம். பொதுக் கல்விக்குள் அது நுழைந்ததற்குக் காரணம் தேர்வின் மேல் வந்த கோபம். 1980களில் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஸ்டோனி புரூக் வளாகத்தில் மாணவர்கள் ஓர் எழுத்துத் தேர்வில் தேறியாக வேண்டும். ஒரே அமர்வு, கொடுத்த தலைப்பு, எழுதி முடித்துவிட்டு எழுந்து போக வேண்டியதுதான். அங்கே எழுத்துப் பயிற்சி வகுப்பு நடத்திய பீட்டர் எல்போவுக்கும் பாட் பெலனாஃபுக்கும் இது பொருந்தவே இல்லை. நல்ல எழுத்து திரும்பத் திரும்பத் திருத்துவதில் வருகிறது என்று பருவம் முழுக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டு, திருத்த நேரமே தராத தேர்வை வைத்து மாணவரை எடைபோடுவது என்ன முறை?

அவர்கள் கொண்டுவந்த மாற்று இதுதான். பருவக் கடைசியில் மாணவர் தான் திருத்தி எழுதிய மூன்று கட்டுரைகளையும், வகுப்பிலேயே யார் உதவியும் இல்லாமல் எழுதிய ஒரு கட்டுரையையும் சேர்த்துக் கொடுப்பார். அவருக்குப் பாடம் எடுக்காத வேறொரு ஆசிரியர் அதைப் படித்துவிட்டுத் தேர்ச்சியா இல்லையா என்று மட்டும் சொல்வார். இதனால் சொந்த ஆசிரியர் தீர்ப்பு சொல்லும் வேலையிலிருந்து விடுபட்டு, மாணவரைத் தேற வைக்கும் பக்கத்துக்கு வந்துவிட்டார். 1986இல் இருவரும் இதை எழுதி வெளியிட்டார்கள். அமெரிக்கக் கல்லூரிகளில் வேகமாகப் பரவியது. அந்த நாலாவது கட்டுரையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகு வேலை இருக்கிறது.

கல்லூரி அளவில் நன்றாக நடந்ததை மாநில அளவுக்குக் கொண்டுபோனபோது அடி விழுந்தது. வெர்மான்ட் மாநிலம் 1991-92இல் 4ஆம், 8ஆம் வகுப்பு மாணவர்களின் கணிதத்தையும் எழுத்தையும் போர்ட்ஃபோலியோ வழியாக மாநிலம் முழுக்க மதிப்பிட்டது. ராண்ட் ஆய்வு நிறுவனத்திலிருந்து டேனியல் கோரெட்ஸ் தலைமையில் ஒரு குழு இதைக் கூடவே இருந்து கவனித்தது. ஒரே போர்ட்ஃபோலியோவை இரண்டு பேர் தனித்தனியாகத் திருத்தினால் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்த்தார்கள். இரண்டு பேரும் மாணவர்களை அப்படியே ஒரே வரிசையில் வைத்தால் 1. சம்பந்தமே இல்லை என்றால் 0. முதல் ஆண்டில் சராசரியாகக் கிடைத்தது 0.33 முதல் 0.43 வரை. அதாவது யார் கையில் போர்ட்ஃபோலியோ போய்ச் சேர்ந்தது என்பதைப் பொறுத்து மதிப்பெண் மாறியது. இதை வைத்துப் பள்ளிக்குப் பள்ளி ஒப்பிடுவது எப்படி?

வேடிக்கை என்னவென்றால், அதே ஆய்வு நல்ல செய்தியும் சொன்னது. ஆசிரியர்கள் கற்பிக்கும் முறையை மாற்றிக்கொண்டிருந்தார்கள். கணித வகுப்பில் மாணவர்கள் தாங்கள் எப்படி யோசித்தார்கள் என்று எழுதிக்காட்டும் வேலை கூடியிருந்தது. கென்டக்கி மாநிலமும் 1990ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தச் சட்டத்துக்குப் பிறகு எழுத்துப் போர்ட்ஃபோலியோவை, பள்ளிகள் எப்படிச் செயல்படுகின்றன என்று மாநிலம் எடைபோடும் கணக்கில் சேர்த்தது. 2009இல் அதிலிருந்து எடுத்துவிட்டது. என் பார்வையில் இந்த இரண்டு மாநிலங்களின் அனுபவத்தைப் படிக்காமல் யாரும் போர்ட்ஃபோலியோவுக்கு மதிப்பெண் போட உட்காரக் கூடாது. ஆனால் உட்காருகிறார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் காகிதம். ‘இ’ எப்போது ஒட்டிக்கொண்டது? ஆப்பிள் 1987இல் மேக்கின்டாஷ் கணினியோடு ஹைப்பர்கார்டு என்ற மென்பொருளைக் கொடுத்தது. அட்டை அட்டையாகப் பக்கங்களை உருவாக்கி, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பொத்தான் வைத்துத் தாவலாம். வலை வருவதற்கு முன்பே இணைப்பு என்ற எண்ணத்தை அது ஆசிரியர்கள் கைக்குக் கொண்டுவந்துவிட்டது. அலாஸ்கா பல்கலைக்கழகத்தின் ஆங்கரேஜ் வளாகத்தில் ஆசிரியர்களுக்குத் தொழில்நுட்பம் கற்பித்த ஹெலன் பாரட், 1991 முதலே மின்னணுப் போர்ட்ஃபோலியோக்களில் இறங்கிவிட்டார். ஸ்கேனர், வீடியோவைக் கணினிக்குள் இழுக்கும் அட்டை, கடைசியில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்க ஒரு சிடி. பவர்பாயின்ட்டிலும் அடோபி அக்ரோபேட்டிலும் போர்ட்ஃபோலியோ செய்வது எப்படி என்று அவர் எழுதிய வழிகாட்டிகள்தான் அப்போது இந்தத் துறையில் பலருக்குப் பாடப்புத்தகம்.

அந்தக் காலத்துத் தொகுப்புகளின் கதி என்ன ஆயிற்று என்று நினைக்கிறீர்கள்? ஹைப்பர்கார்டை ஆப்பிள் 2004இல் கைவிட்டது. சிடி போடும் இடமே இன்றைய பெரும்பாலான மடிக்கணினிகளில் இல்லை. வாழ்நாள் முழுக்கக் கூடவே வரும் தொகுப்பு என்று சொல்லிச் செய்தவை பத்துப் பதினைந்து வருடத்தில் திறக்க முடியாமல் போயின. 1986இல் ஸ்டோனி புரூக்கில் யாராவது ஒரு காகிதக் கட்டைப் பரணில் போட்டு வைத்திருந்தால் அதை இன்றும் படிக்கலாம்.

பாரட் சொன்னதில் எனக்கு மிகவும் பயன்பட்டது, போர்ட்ஃபோலியோவுக்கு இரண்டு முகம் உண்டு என்பது. ஒன்று பட்டறை: அரைகுறையும் அடித்தல் திருத்தலும் சந்தேகங்களும் கிடக்கும் இடம். இன்னொன்று காட்சிக்கூடம்: தேர்ந்தெடுத்து, அடுக்கி, ஏன் இதை எடுத்தேன் என்று சொல்லி வெளியாருக்குக் காட்டுவது. இரண்டையும் ஒரே இடத்தில் போட்டுக் குழப்பினால் பட்டறை செத்துவிடும். மதிப்பெண் போடுகிறவர் எட்டிப்பார்க்கும் இடத்தில் எந்த மாணவரும் தன் தப்பைப் பரப்பி வைக்க மாட்டார்.

2000ஐ ஒட்டி வலை எல்லார் கைக்கும் வந்தது, கூடவே சந்தையும் வந்தது. அமெரிக்காவில் ஆசிரியர் கல்வி நிறுவனங்களுக்கு அங்கீகாரம் தந்த என்கேட் அமைப்பு, தன் 2000ஆம் ஆண்டுத் தரவிதிகளில் ஒரு திருப்பம் கொண்டுவந்தது. என்ன பாடம் நடத்தினீர்கள் என்று கேட்பதை விட்டு, உங்கள் மாணவர்களால் என்ன செய்ய முடிகிறது என்பதற்குச் சான்று காட்டச் சொன்னது. நோக்கம் நல்லதுதான். ஆனால் சான்றைச் சேர்த்து, எண்ணி, அட்டவணை போட்டுத் தர மென்பொருள் தேவைப்பட்டது. டாஸ்க்ஸ்ட்ரீம், லைவ்டெக்ஸ்ட் போன்ற நிறுவனங்கள் அந்த இடத்தைப் பிடித்தன. பல கல்லூரிகளில் சந்தாவைக் கட்டியது மாணவர்கள். திரையில் ஒரு கட்டம்: இடப்பக்கம் தரவிதிகள், எதிரே காலியிடம். தரவிதி 3.2-க்கு ஒரு பாடத்திட்டத்தை ஏற்று, தரவிதி 4.1-க்கு ஒரு புகைப்படத்தை ஏற்று, எல்லாம் பச்சையானதும் வேலை முடிந்தது. இந்தப் போட்டி நிறுவனங்களே பின்னால் ஒன்றாக இணைந்து வாட்டர்மார்க் என்ற பெயரில் இயங்குவது தனிக்கதை.

நம் ஊரில் பி.எட். படித்த யாருக்கும் இது புதிதாக இருக்காது. லெசன் பிளான் ரெக்கார்டு, அப்சர்வேஷன் ரெக்கார்டு, சைக்காலஜி ரெக்கார்டு என்று அட்டை போட்டு, சீனியர் நோட்டைப் பார்த்து விடிய விடிய எழுதி, எக்ஸ்டர்னல் கையெழுத்துப் போட்டதும் மூட்டை கட்டிவிடுவோமே, அதேதான். கொஞ்சம் பளபளப்பான திரையில். பாரட் 2004இலேயே இதைப் பிரித்துச் சொல்லிவிட்டார்: இவை மதிப்பீட்டு நிர்வாக மென்பொருள்கள், இவற்றைப் போர்ட்ஃபோலியோ என்று கூப்பிடுவதால் போர்ட்ஃபோலியோ ஆகிவிடாது. அங்கீகாரக் குழு வரும் நேரத்தில் யார் காதில் விழும்?

அதே காலத்தில் வேறு பாதையில் போனவர்களும் உண்டு. மில்வாக்கியில் உள்ள ஆல்வெர்னோ கல்லூரி 1970களிலிருந்தே வழக்கமான கிரேடு போடாமல், எட்டுத் திறன்களை வைத்து மாணவிகளை மதிப்பிட்டுவந்தது. ஒவ்வொரு வேலையிலும் முதலில் மாணவி தன்னைத் தானே மதிப்பிட வேண்டும், பிறகுதான் ஆசிரியர் வாய் திறப்பார். கணினித் தொகுப்பு அங்கே வந்தபோது ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த ஒன்றைச் சேமித்துவைக்கும் இடமாக இயல்பாகப் பொருந்தியது. பழக்கம் முதலில், மென்பொருள் பிறகு.

நான் யாருக்காவது ஒரே ஓர் உதாரணம் காட்ட வேண்டுமானால் லாகார்டியாவைக் காட்டுவேன். நியூயார்க் நகரத்தின் குயின்ஸ் பகுதியில் உள்ள சமுதாயக் கல்லூரி அது. மாணவர்களில் பெரும் பகுதி புலம்பெயர்ந்தவர்கள், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள், வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள். பிரெட் ஐனன் முன்னின்று நடத்திய முயற்சியில் 2000களின் தொடக்கத்தில் அங்கே இ-போர்ட்ஃபோலியோ வந்தது. தரவிதிக் கட்டத்திலிருந்து தொடங்காமல், ‘என்னைப் பற்றி’ என்ற பக்கத்திலிருந்து தொடங்கினார்கள். எந்த நாட்டிலிருந்து வந்தேன், அம்மா அப்பா என்ன வேலை செய்தார்கள், ஏன் நர்ஸிங் எடுத்தேன், பாதியில் ஏன் மாறினேன் என்று மாணவர்கள் எழுதினார்கள். அடுத்தடுத்த பருவங்களில் அதே பக்கத்துக்குத் திரும்பிவந்து மாற்றி எழுதினார்கள். ஆங்கிலம் தடுமாறும் ஒருவர் முதல் பருவத்தில் எழுதியதையும் நாலாம் பருவத்தில் எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வேறு எந்தச் சான்றிதழும் சொல்லாத ஒன்றை அது சொல்லும்.

அங்கே இன்னொரு நல்ல ஏற்பாடு: மென்பொருளைக் கற்றுத்தர மூத்த மாணவர்களையே சம்பளத்துக்கு வைத்தார்கள். ஆசிரியர்களுக்குத் தனியாக நீண்ட பயிற்சி. இ-போர்ட்ஃபோலியோ இருந்த வகுப்புகளில் தேர்ச்சியும் அடுத்த பருவத்துக்குத் தொடர்ந்து வருவதும் கூடுதலாக இருந்ததாகக் கல்லூரி தொடர்ந்து தரவு வெளியிட்டது. ஆர்வமுள்ள ஆசிரியர்கள்தான் முதலில் இதை எடுத்திருப்பார்கள், அதனால் முழுப் பெருமையும் போர்ட்ஃபோலியோவுக்கே போகுமா என்று கேட்கலாம், கேட்க வேண்டும். இருந்தாலும் அந்த அனுபவம் வலுவாக இருந்ததால் பல கல்லூரிகளைச் சேர்த்து ஒரு கூட்டுத் திட்டமாகவே வளர்ந்தது. 2016இல் அமெரிக்கக் கல்லூரிகள் பல்கலைக்கழகங்களின் சங்கம், கற்றலில் அதிகத் தாக்கம் தரும் நடைமுறைகளின் பட்டியலில் இ-போர்ட்ஃபோலியோவைப் பதினொன்றாவதாகச் சேர்த்ததற்குப் பின்னால் இந்த மாதிரிக் கல்லூரிகளின் உழைப்பு இருக்கிறது.

இனி கூகுள் டிரைவ் விஷயம். நியூசிலாந்தில் 2006இல் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து அரசு நிதியில் மஹாரா என்ற திறமூல மென்பொருளை உருவாக்கின. மூடுல் என்ற இணைய வகுப்பு மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் இதையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். மூடுலில் எல்லாமே பாடத்துக்குச் சொந்தம்: ஆசிரியர் வகுப்பைத் திறப்பார், மாணவர் அதற்குள் வருவார், பருவம் முடிந்தால் கதவு மூடும். மஹாரா இதைத் தலைகீழாக்கியது. மாணவர் ஏற்றும் கோப்பு, குறிப்பு, வீடியோ எல்லாம் முதலில் அவருடைய தனி இடத்தில் கிடக்கும்; அவர் பகிரும்வரை ஆசிரியர் பார்க்க முடியாது. அந்தக் குவியலிலிருந்து சிலதை எடுத்து ஒரு பக்கம் கட்டுவார். அதே வீடியோவை ஆசிரியருக்கு ஒரு பக்கத்திலும், வேலை தரப்போகும் பள்ளிக்கு வேறொரு பக்கத்திலும், வேறு வேறு விளக்கத்தோடு வைக்கலாம். யார் பார்க்கலாம், எந்தத் தேதிவரை பார்க்கலாம் என்று ஒவ்வொரு பக்கத்துக்கும் சொல்லலாம். மதிப்பீட்டுக்குச் சமர்ப்பித்தால் அந்தப் பக்கம் பூட்டிக்கொள்ளும், திருத்தியதும் திறக்கும். படிப்பு முடிந்து போகும்போது மொத்தத்தையும் இறக்கி எடுத்துக்கொள்ளலாம்.

டிரைவ் ஃபோல்டரில் சேமிக்கும் வேலை நடக்கும். தேர்ந்தெடுப்பதும், ஒன்றோடொன்று தொடுப்பதும், ஆளுக்குத் தக்கபடி அடுக்குவதும், ஏன் என்று எழுதுவதும் அங்கே தானாக நடக்காது. அந்த நாலும் இல்லாவிட்டால் அது கிடங்கு. ஆனால் மஹாராவை நிறுவி நடத்த ஒரு ஆள் வேண்டும் என்பதால் எல்லாக் கல்லூரிக்கும் நான் அதைச் சொல்வதில்லை. டிரைவைப் பட்டறையாகவும், இணையப் பக்கம் கட்ட உதவும் கூகுள் சைட்ஸைக் காட்சிக்கூடமாகவும் வைத்துக்கொண்டாலே பாதிக் கிணறு தாண்டிவிடலாம். மாணவர் தன் சொந்தக் கணக்கில் செய்யட்டும். கல்லூரிக் கணக்கில் செய்தால் படிப்பு முடிந்து கணக்கு மூடும்போது இரண்டு வருட உழைப்பும் சேர்ந்து போகும்.

ஏன் என்று எழுதும் அந்தப் பகுதியை, சுயபரிசீலனைக் குறிப்பு என்று வைத்துக்கொள்வோம், கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். பெரும்பாலான மாணவர்கள் எழுதுவது இப்படி இருக்கும்: ‘இந்த வகுப்பிலிருந்து நான் நிறையக் கற்றுக்கொண்டேன். மாணவர்கள் ஆர்வமாகப் பங்கேற்றார்கள். வரும் காலத்தில் இன்னும் சிறப்பாகச் செய்வேன்.’ இதில் எந்த வகுப்பைப் பற்றியது என்றே தெரியாது. அதே மாணவரிடம் உங்கள் வீடியோவில் நாற்பது விநாடியை மட்டும் வெட்டி அதைப் பற்றி எழுதுங்கள் என்றால் வேறு ஏதோ வரும்: ‘1/4 பெரிதா 1/3 பெரிதா என்று கேட்டேன். பின்வரிசைப் பெண் கையைத் தூக்கப் போகிறாள், அதற்குள் நானே பதில் சொல்லிவிட்டேன். நாலு பெரியது என்பதால் 1/4 என்று அவள் நினைத்திருப்பாளா என்று இப்போது தெரிந்துகொள்ள வழியில்லை.’ கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள் என்பதை மேரி பட் ரோ 1970களில் ஆய்ந்து காட்டியிருக்கிறார். அதைப் பாடமாக நடத்தும்போது ஏறாதது, தன் நாற்பது விநாடியைப் பார்க்கும்போது ஏறிவிடும்.

ஆனால் இப்படி மனம் திறந்து எழுத ஒரு பாதுகாப்பு வேண்டும். இங்கிலாந்தின் இளம் மருத்துவர்களிடையே நடந்ததைச் சொல்ல வேண்டும். அங்கே பயிற்சி மருத்துவர்கள் இ-போர்ட்ஃபோலியோ வைப்பது கட்டாயம். நேர்ந்த தவறுகளைப் பற்றி அதில் எழுதச் சொல்வார்கள். 2011இல் லெஸ்டரில் ஒரு குழந்தை இறந்தது. அந்த வழக்கில் பயிற்சியில் இருந்த மருத்துவர் ஒருவர் 2015இல் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, 2018 ஜனவரியில் மருத்துவப் பதிவேட்டிலிருந்தே நீக்கப்பட்டார். அவருடைய போர்ட்ஃபோலியோவில் எழுதியதே அவருக்கு எதிராக நீதிமன்றத்தில் பயன்பட்டது என்ற பேச்சு தீயாகப் பரவியது. போர்ட்ஃபோலியோ ஜூரியின் முன் சான்றாக வைக்கப்படவில்லை என்று வழக்குகளில் மருத்துவர்களுக்குச் சட்ட உதவி தரும், அவருக்கும் துணைநின்ற அமைப்பே பிறகு விளக்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் மேல்முறையீட்டில் அவர் பெயர் பதிவேட்டுக்குத் திரும்பியது. ஆனால் அதற்குள் நாடு முழுக்க இளம் மருத்துவர்கள் இனி உண்மையை எழுத மாட்டோம் என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். மருத்துவக் கவுன்சில் தாங்கள் யாரிடமும் அந்தக் குறிப்புகளைக் கேட்க மாட்டோம் என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. எழுதுவதைக் கட்டாயமாக்கிவிட்டு, யார் படிப்பார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால் இதுதான் நடக்கும்.

இந்தியாவில் 2019 முதல் எம்பிபிஎஸ் படிப்பு திறன் அடிப்படைக்கு மாறியபோது, செய்த பயிற்சிகளைப் பதியும் லாக்புக்கும் அதில் பரிசீலனைக் குறிப்புகளும் வந்துவிட்டன. 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை, பள்ளி முன்னேற்ற அட்டையில் சேர வேண்டியவற்றில் போர்ட்ஃபோலியோவையும் சொல்கிறது. ஆகவே உங்கள் கல்லூரியில் இது வந்ததில் ஆச்சரியமில்லை.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு கதை இன்னொரு தடவை திரும்பியிருக்கிறது. ‘நிறையக் கற்றுக்கொண்டேன்’ வகைக் குறிப்பை அது மனிதரைவிட நன்றாகவே எழுதும். முதலில் தடுமாறினேன், ஆசிரியர் வழிகாட்டினார், இப்போது தெளிந்தேன் என்ற அச்சு அதற்கு மனப்பாடம். என்னைக் கேட்டால் இதில் ஒரு நன்மையும் இருக்கிறது: அந்த வகை எழுத்துக்கு நாம் மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்ததே தப்பு. அதனால் ஸ்டோனி புரூக்கின் நாலாவது கட்டுரைக்குத் திரும்புங்கள். பருவத்துக்கு ஒரு முறையாவது மாணவர் வகுப்பிலேயே உட்கார்ந்து, தன் தொகுப்பிலிருந்து நீங்கள் காட்டும் ஒன்றைப் பற்றிக் கையால் எழுதட்டும். அல்லது திரையைத் திறந்து வைத்துப் பத்து நிமிடம் வாய்மொழியாகப் பேசட்டும். நாற்பது விநாடி வீடியோவில் என்ன நடந்தது என்று அந்த வகுப்பில் இல்லாத யாராலும் சொல்ல முடியாது, இயந்திரத்தாலும்தான்.

மதிப்பெண் போட்டே ஆக வேண்டும் என்று பல்கலைக்கழகம் சொன்னால், காட்சிக்கூடத்துக்கு மட்டும் போடுங்கள். அதுவும் தேர்ச்சி, இன்னும் திருத்த வேண்டும் என்ற இரண்டோடு நிறுத்தப் பாருங்கள். வெர்மான்ட்டில் ஆளுக்கு ஆள் மதிப்பெண் மாறி 0.33 கிடைத்ததை மறந்துவிடாதீர்கள். பட்டறைக்குள் யார் வரலாம் என்பதை முதல் நாளே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். எத்தனை கோப்பு என்று எண்ணிக்கை வைக்காதீர்கள். பருவத்துக்கு நாலு துண்டு, ஒவ்வொன்றுக்கும் உருப்படியான ஒரு பக்கக் குறிப்பு என்றால் தாராளம்.

கடைசியாக ஒன்று, இதை யாரும் திட்டக் கூட்டத்தில் எழுப்புவதில்லை. உங்கள் மாணவர்கள் ஏற்றப்போகும் வீடியோக்களில் இருப்பவர்கள் அரசுப் பள்ளிப் பிள்ளைகள். 2023இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ள எல்லாரையும் குழந்தையாகவே பார்க்கிறது, பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. பயிற்சிக்குப் போகும் முதல் வாரத்திலேயே தலைமையாசிரியர் வழியாகத் தமிழில் ஒரு ஒப்புதல் படிவம் போகட்டும். கேமராவைக் கடைசி பெஞ்சில் பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால் வையுங்கள். கரும்பலகையும் ஆசிரியரும் தெரிந்தால் போதும். பிள்ளைகளின் நோட்டைப் படம் எடுத்தால் பெயர் எழுதிய இடத்தில் ஒரு காகிதத் துண்டை வைத்து மறைத்துவிட்டு எடுக்கச் சொல்லுங்கள்.